எரிந்த காயிலைக் காட்டச் சொல்லுங்கள்: தமிழ்த் தொலைக்காட்சிச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஆந்திராவின் சூலூர்பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எரிந்த மோட்டாருக்குள் இருக்கும் காயிலை, அதாவது செம்புக் கம்பிச் சுருளை, எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றித் தருவது என் தொழில். என் அப்பா தமிழ்நாட்டுப் பக்கத்து ஆரம்பாக்கத்துக்காரர். எல்லை தாண்டி வந்து இந்தக் கடையைப் போட்டார். பெயர்ப் பலகையில் மேலே தெலுங்கு, கீழே தமிழ். கடையில் பேச்சு பாதிக்குப் பாதி. வீட்டில் முழுக்கத் தமிழ். செய்தியைத் தமிழில்தான் பார்ப்போம். இந்த மடலை உங்களுக்கு எழுதுவதற்கு அதுதான் காரணம். ராக்கெட் தோற்றால், ஏன் தோற்றது என்று நீங்கள் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும்போது முதலில் ஒளி வரும். ஓசை வந்து சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஜன்னல் கதவு அதிரத் தொடங்கும் நேரத்தில் ராக்கெட் எங்களை விட்டு வெகுதூரம் போயிருக்கும். அதன்பின் புகைத் தடம் மட்டும் கொஞ்ச நேரம் வானத்தில் கலையாமல் நிற்கும்.

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.59 மணிக்கு இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. சி-61 ராக்கெட் கிளம்பியது. இந்த வகை ராக்கெட் நான்கு அடுக்கு; ஒன்றன்பின் ஒன்றாக எரியும். ஒவ்வோர் அடுக்கையும் ஒரு நிலை என்பார்கள். தெருவில் இருந்த எல்லா மாடிகளிலும் ஆள் இருந்தது. ஒளி வந்தது, ஓசை வந்தது, கை தட்டினோம். கீழே இறங்கி வந்து என் மனைவி அடுப்பில் பால் வைத்தாள். பால் பொங்குவதற்குள் தொலைக்காட்சியில் இஸ்ரோ தலைவர் நாராயணன் பேசினார். மூன்றாவது நிலை மோட்டார் சரியாகத்தான் தொடங்கியது, ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் உள்ளே அழுத்தம் குறைந்துவிட்டது, திட்டம் நிறைவேறவில்லை என்றார். இரவிலும் மேகத்தினூடேயும் நிலத்தைப் படம் பிடிக்கக்கூடிய ரேடார் செயற்கைக்கோள் அதில் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இந்தக் கரையைப் புரட்டிப் போட்டபோது நாங்கள் நாள் கணக்கில் மேகத்துக்குக் கீழேதான் கிடந்தோம். அந்தச் செயற்கைக்கோள் எதற்கு வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் கண்ணுக்கு எட்டிய வரை அந்த ராக்கெட் பிழையில்லாமல் போனது. அது தோற்றது எங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில். ஏவுதளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருக்கும் நாங்களே அதை உங்கள் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்களுக்கு உங்களை விட்டால் வேறு கண் ஏது?

இப்போது, நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான சம்பவம். 2026 ஜனவரி 12, திங்கட்கிழமை, போகிக்கு இரண்டு நாள் முன்பு. அன்று பி.எஸ்.எல்.வி. சி-62 போனது. அதுவும் மூன்றாவது நிலையில்தான் தவறியது. அந்த நிலை முடியும் தறுவாயில் ராக்கெட் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளத் தொடங்கிப் பாதை விலகியது. புதிதாகத் தொழில் தொடங்கிய சிறிய நிறுவனங்களின் செயற்கைக்கோள்களும் அதோடு போயின. அன்று பகலில் ஒரு தொலைக்காட்சியின் வேன் எங்கள் தெருவுக்கு வந்தது. எந்தத் தொலைக்காட்சி என்று நான் எழுதப்போவதில்லை. என் கடையில் வேலை பழகும் பையன், பத்தொன்பது வயது, வாசலில் உட்கார்ந்து, மோட்டாரின் சுற்றாத பாகமான ஸ்டேட்டரிலிருந்து எரிந்த கம்பியை உருவிக்கொண்டிருந்தான். மைக்கை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, மக்கள் வரிப்பணம் மறுபடியும் கடலில் போய்விட்டதே, உங்கள் மனநிலை என்ன என்று கேட்டார்கள்.

அவன் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பதில் சொன்னான். போன முறையும் மூன்றாவது நிலை, இந்த முறையும் மூன்றாவது நிலை என்கிறார்கள். போன முறை அழுத்தம் ஏன் குறைந்தது என்று கண்டுபிடித்தார்களா, அதைச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றான். அன்று இந்த நாட்டில் கேட்க வேண்டியிருந்த கேள்வி அது ஒன்றுதான். எங்கள் கடை வாசலில், கையெல்லாம் கரியோடு, அதை அவன் கேட்டான்.

இரவுச் செய்தியில் அவன் முகம் வந்தது. பேச்சு வரவில்லை. அவன் குனிந்து கம்பியை வைக்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, சோக இசை போட்டு, "சோகத்தில் சூலூர்பேட்டை மக்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அவன் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் தொழிலை வைத்து ஒன்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். மோட்டார் எரிந்து வருகிறது என்று வையுங்கள். திறந்த உடனே கருகிய வார்னிஷ் வாடை முகத்தில் அடிக்கும். காயில்கள் எல்லாம் ஒரே சீராகக் கருத்திருந்தால், மோட்டார் தாங்கமுடியாத பாரத்தை இழுத்திருக்கிறது; பேரிங்கையும் பம்பையும் பார்க்க வேண்டும். சில காயில்கள் மட்டும் சீரான இடைவெளியில் கருகி, மற்றவை நன்றாக இருந்தால், மூன்று ஃபேஸில் ஒன்று போன பிறகும் ஓடியிருக்கிறது. குற்றம் மோட்டாரில் இல்லை, அதற்கு வரும் கரண்ட் லைனில் இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வெடித்துப் பொசுங்கியிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கலாம். இவ்வளவையும் அந்தக் கருகிய செம்பு தானே சொல்லிவிடும். விவசாயி கோபமாகத்தான் கடைக்கு வருவார். நான் அந்தக் காயிலை அவர் கையில் கொடுத்து, விரலால் தொட்டுக் காட்டுவேன். தொட்டுப் பார்த்த பிறகு கோபத்தோடு போன ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. நஷ்டம் அப்படியேதான் இருக்கும். ஆனால் அடுத்த முறை எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு முறை நான் அதைச் செய்யத் தவறினேன். நடவு நேரம், அவசரம். நாயுடுபேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மோட்டாரைக் காரணம் பார்க்காமல் புதுக் கம்பி சுற்றிக் கொடுத்துவிட்டேன். இருபதாவது நாள் அதே மோட்டார், அதே மாதிரி எரிந்து, அதே மாட்டு வண்டியில் திரும்பி வந்தது. அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. "போன தடவை எங்கே எரிந்தது என்று காட்டவே இல்லையே தம்பி" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு ராக்கெட்டுகளும் ஒரே காரணத்தால் விழுந்தன என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தீர்ப்பு சொல்ல வேண்டியவர்கள் விசாரணைக் குழுவில் இருக்கிறார்கள். ஆனால் சி-61 ஏன் விழுந்தது என்ற அறிக்கை பொதுமக்கள் படிக்கும்படி வெளிவராமலேயே சி-62 ஏவுதளத்தில் வந்து நின்றது. இடையில் எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதத்தில் உங்களில் யாராவது ஒருவர், ஒரே ஒரு நாள், "அறிக்கை எங்கே?" என்று தலைப்பிட்டுச் செய்தி வாசித்தீர்களா? நான் தினமும் பார்க்கிறவன். என் கண்ணில் படவில்லை.

காரணத்தை வெளியே சொல்வது இஸ்ரோவுக்குப் புதிய பழக்கமும் இல்லை. 2021 ஆகஸ்ட் 12 அன்று ஜி.எஸ்.எல்.வி. எஃப்-10 ராக்கெட் தோற்றது. திரவ ஹைட்ரஜன் தொட்டியின் வால்வு ஒன்றில் மென்மையான அடைப்பு வளையம் சேதமாகி, வாயு கசிந்து, தொட்டியில் அழுத்தம் போதாமல் போனது என்று பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்கள். அதைப் படித்த அன்று என் கடையே நின்றுவிட்டது. வளையம் போனால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். கையில் வைத்துப் பார்க்கிற பொருள் அது. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட் முதல் பயணத்திலேயே தவறியது. இரண்டாம் நிலை பிரிந்தபோது வந்த அதிர்வில், வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானிகள் அளவுக்கு மீறிக் காட்ட, ராக்கெட்டின் கணினி உணர்விகள் கெட்டுவிட்டதாக முடிவெடுத்து மாற்று வழிக்குப் போய்விட்டது என்று விளக்கினார்கள். கிராமத்து அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர் சேர்ந்து செய்த ஆசாதிசாட் என்ற செயற்கைக்கோள் அதில் இருந்தது. ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, அடுத்த எஸ்.எஸ்.எல்.வி. அந்தப் பிள்ளைகளின் இரண்டாவது செயற்கைக்கோளைச் சரியாகக் கொண்டுபோய் விட்டது. காரணத்தை ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் அதைச் செய்தார்கள்.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நீங்கள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1979 ஆகஸ்ட் 10 அன்று, செயற்கைக்கோள் ஏவ இந்தியா செய்த முதல் ராக்கெட்டான எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தது. அன்றைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பொறுப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்ததும் திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பேசச் சொல்லித் தான் விலகி நின்றார். நல்ல கதை. எத்தனை முறை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அந்த ராக்கெட் ஏன் விழுந்தது என்று அதே வாயால் ஒரு முறையாவது சொன்னீர்களா? இரண்டாம் நிலையைத் திசைதிருப்பும் அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் அமிலம் கசிந்து தீர்ந்துபோனது. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த ஆண்டு ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது. தவான் முன்வந்து நின்றார் என்பது பாதிக் கதை. மீதிப் பாதி அந்த வால்வு.

எங்கள் பக்கத்து மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். சிரித்தவர்கள் உண்டு. கோடிக் கணக்கைச் சொல்லித் திட்டியவர்கள் உண்டு. ராக்கெட் ஏவும் முன் இஸ்ரோ தலைவர்கள் வந்து கும்பிடும் எங்கள் ஊர்ச் செங்காளம்மன் கோயிலில் பூசை சரியாக நடக்கவில்லை என்றவர்களும், பூசை எதற்கு என்றவர்களும் டீக்கடையில் மோதிக்கொண்டார்கள். ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாது. ஒரு நாள் பாடு போகும். என்னிடம் மோட்டார் கொண்டுவரும் மீனவர் ஒருவர், "நாங்களும் ஒரு நாள் கூலி போட்டிருக்கிறோம், எங்களுக்கும் சொல்லலாம்" என்றார். என்னைக் கேட்டால், அன்று பேசியவர்களில் மிகச் சரியாகப் பேசியவர் அவர். எட்டு மணிச் செய்தியில் நீங்கள் இரண்டு கூட்டத்தைத்தான் காட்டினீர்கள். ஒரு கூட்டம் ஏளனம் செய்தது. மற்றொரு கூட்டம் தேசியக் கொடியைக் காட்டித் தோல்விதான் வெற்றிக்குப் படிக்கட்டு என்று ஆறுதல் சொன்னது. இரண்டு கூட்டத்திலும் ஒருவரும் காரணம் கேட்கவில்லை. மறுநாள் பொங்கல் படங்களின் வசூல் செய்தி வந்துவிட்டது.

ஆள் இல்லாத ராக்கெட்தானே, உயிர்ச்சேதம் இல்லையே என்று உங்கள் வாசிப்பாளர் ஒருவர் சொன்னார். அந்த வார்த்தையைத்தான் என்னால் விட முடியவில்லை. இந்தியா ஆளை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தில் மனிதர்கள் ஏறப்போகிறார்கள். நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அதில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவர்கள் ஏறும் ராக்கெட் வேறு, எல்.வி.எம்-3. அதிலும் முதலில் ஆள் இல்லாமல்தான் அனுப்பப்போகிறார்கள். யாரும் ஏறாத நாளில் வாய்விட்டுக் காரணம் கேட்கப் பழகாத நாம், ஏறப்போகிற நாளில் எப்படிக் கேட்போம்?

நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. தோல்வி நடந்த நாளிலிருந்து மாதம் ஒரு முறை, ஒரே நிமிடம், விசாரணை எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள். அறிக்கை வராவிட்டால், வரவில்லை என்பதையே செய்தியாக வாசியுங்கள். வந்தால், அந்தப் பாகத்தின் படத்தைத் திரையில் காட்டி, அது என்ன வேலை செய்யும், எங்கே கெட்டது என்று தமிழில் விளக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்து மேலகாட்டுவிளையில் தமிழ் வழியில் படித்தவர். அவரிடம் தமிழில் கேள்வி கேட்க உங்களுக்கு என்ன தடை? பொறுப்புள்ள கேள்விக்கு அந்த விஞ்ஞானிகள் கோபப்பட மாட்டார்கள். அவர்களில் பலர் இந்த ஊரில் என் தெருவிலேயே வாடகைக்கு இருந்தவர்கள். தோற்ற வாரத்தில் அவர்கள் வீட்டு விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

அடுத்த பி.எஸ்.எல்.வி. கிளம்பும்போது வேனை எடுத்துக்கொண்டு முதல் நாளே வாருங்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து இங்கே மின்சார ரயிலும் இருக்கிறது. ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் வைண்டிங் கடை என்றால் யாரும் காட்டுவார்கள். மாடிப்படி வெளிப்பக்கம் இருக்கிறது, யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. ஒளி போன பிறகு கேமராவை மடக்கிவிடாதீர்கள். நான்காவது நிலை முடியும் வரை எங்களோடு நில்லுங்கள். அந்தப் பையனும் மேலேதான் நிற்பான். அவனிடம் மறுபடியும் மைக்கை நீட்டுங்கள். அவன் பேசி முடிக்கும் வரை நீட்டியே வைத்திருங்கள்.

இப்படிக்கு,
சூலூர்பேட்டையிலிருந்து ஒரு மோட்டார் வைண்டிங் தொழிலாளி