கெர்ட்டி மௌனப் படமாகப் பிறக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வெளியான அனிமேஷன் வரலாற்றுக் கட்டுரை, பத்திரிகைச் சித்திரக்காரர் வின்சர் மெக்கே 1914-இல் அமெரிக்காவில் உருவாக்கிய 'கெர்ட்டி என்னும் டைனோசர்' படத்தை உலகின் முதல் அனிமேஷன் படம் என்கிறது. பலரும் எழுதிவரும் பிழைதான் இது. பிரான்சில் எமில் கோல் 1908-இலேயே 'ஃபான்டாஸ்மகோரி'யை வெளியிட்டுவிட்டார். மெக்கேயும் கெர்ட்டிக்கு முன்பே இரண்டு படங்களை வரைந்து முடித்திருந்தார். அவற்றுள் 1912-இல் வந்த படத்தின் நாயகன் ஒரு கொசு.

இதைவிட என்னை உறுத்தியது, வசன அட்டைகளால் கதை சொல்லும் மௌனப் படம் என்று கட்டுரையாளர் அதை வருணித்திருப்பதுதான். 1914 பிப்ரவரியில் சிகாகோ மேடையில் அது முதலில் காட்டப்பட்டபோது, மெக்கே கையில் சாட்டையுடன் திரையருகே நின்று, ஒரு சர்க்கஸ்காரரைப் போலக் கெர்ட்டிக்குக் கட்டளையிட்டார். அது காலைத் தூக்கியது, முரண்டு பிடித்தது, அவர் அதட்டியதும் குழந்தைபோல் அழுதது. அவர் அட்டையாலான ஆப்பிளை எறிவதுபோல் பாவனை செய்து மறைத்துக்கொள்ள, திரையில் கெர்ட்டி பழத்தைக் கவ்வியது. முடிவில் அவர் திரைக்குப் பின்னால் மறைய, சித்திர மெக்கே தோன்றி அதன் முதுகில் ஏறிச் சென்றார்.

அவருடைய முதலாளியான பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட் இந்த மேடைப் பயணங்களைக் கட்டுப்படுத்திய பின்னர், அவ்வாண்டின் இறுதியில் படம் திரையரங்குகளுக்குச் சென்றது. அருங்காட்சியகத்தில் நண்பர்கள் பந்தயம் கட்டும் முன்கதையும், மெக்கேயின் குரலுக்கு ஈடாக வசன அட்டைகளும் அப்போது சேர்க்கப்பட்டவையே. இன்று இணையத்தில் நாம் பெரும்பாலும் காண்பது அந்த வடிவத்தைத்தான்.

நாற்பது ஆண்டுகள் ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கண்ணாடித் தாளில் உருவத்தை மட்டும் தனியே வரைந்து பின்னணியின்மேல் வைக்கும் முறை அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. ஆதலால் பாறை, ஏரி, மரம் அத்தனையையும் உதவியாளர் ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் ஒவ்வொரு தாளிலும் மறுபடி மறுபடி படியெடுத்தார். பின்னணிக் கோடுகள் ஓயாமல் லேசாக நடுங்குவது அதனால்தான். எனக்கு அந்த நடுக்கமே பிடித்திருக்கிறது.

அண்மையில் என் பேரனுக்கு இப்படத்தைக் காட்டியபோது, அட்டைகளைப் படிக்கவிடாமல் நானே திரைக்குப் பக்கத்தில் நின்று அதட்டிப் பார்த்தேன். கெர்ட்டி காலைத் தூக்குவதற்குள் அவன் தூக்கிவிட்டான்.

அடுத்த இதழில் இவ்விரண்டு திருத்தங்களையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்