செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், வெயிலைப் பார்க்காமல் இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. ஆடிப்பெருக்கன்று திருவையாறு போய்வந்தோம். தஞ்சை அரண்மனையில் மணிகோபுரமும் தர்பார் மண்டபமும் பார்த்தோம். ஐப்பசி சதயத்தன்று ராஜராஜன் சிலைக்கு மாலை அணிவித்தோம். மார்கழியில் சிவகங்கைப் பூங்காவில் 1779ல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயம் பார்த்துவிட்டு, அப்படியே கீழவாசல் பீரங்கி மேட்டுக்கும் நடந்தோம். அந்தப் பீரங்கியை வார்த்துச் செய்யவில்லை, இரும்புப் பட்டைகளை வளையம் போட்டு இறுக்கியிருக்கிறார்கள் என்பது பலருக்குப் புதுச் செய்தி.

இனி கல்வெட்டு வாசிப்பு பற்றி. இது என் பிடிவாதத்தில் தொடங்கியது என்பதால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். மாதம் மூன்றாம் ஞாயிறு காலை ஆறரைக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் முதல் வாசலான கேரளாந்தகன் வாசலில் கூடி, கோயில் சுவரில் ஒரு வரியையாவது நாமே வாசிப்பது என்று ஏற்பாடு. ஆவணியில் தொடங்கினோம், ஐப்பசியில் மழை கெடுத்தது, ஆக ஏழு முறை நடந்தது. முதல் நாள் 34 பேர். பங்குனியில் ஆறு பேர்.

"பெரிய கோயிலைத்தான் நூறு தடவை பார்த்தாச்சே, செயலாளர் சங்கத்தைப் பள்ளிக்கூடம் ஆக்கிவிட்டார்" என்று ஒரு பேச்சு என் காதுக்கும் வந்தது. விமானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறோம், நந்தி முன்னால் படம் எடுத்திருக்கிறோம், சரி. 1010ல் முடிந்த அந்தக் கோயிலின் சுவர் நம் மொழியிலேயே பேசுகிறது. அதைக் கடந்துதானே நூறு தடவையும் போனோம்? நேரத்தைப் பற்றியும் குறை சொன்னார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து நிழல் கட்டி எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் அதே இடம் வெறுங்கல். எழுத்து தெரியட்டும் என்று விபூதியோ சுண்ணாம்போ பூசக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். ஆகவே சீக்கிரம் வருவது ஒன்றே வழி.

தை மாத வாசிப்பைச் சொல்ல வேண்டும். ஓர் உறுப்பினரின் மகள், ஆறாம் வகுப்பு. கல்லைத் தொடாமல் விரலை ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்து எழுத்து எழுத்தாகப் போனாள். அந்தக் கால எழுத்தில் மெய்க்குப் புள்ளி கிடையாது, கால் எது ரகரம் எது என்று பெரியவர்களே தடுமாறும் இடம். இரண்டு முறை தப்பி, மூன்றாம் முறை "பெண்டுகள்" என்று வாசித்துவிட்டாள். தான் கொடுத்ததும், அக்கன் கொடுத்ததும், பெண்டுகள், அதாவது தேவியர் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் கல்லில் வெட்டுக என்று ராஜராஜன் சொன்ன இடம் அது. அந்த அக்கன் அவருடைய அக்கா குந்தவை. கொடுத்த பொன்னை ஆடவல்லான் என்ற நிறைகல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி என்ற எடை அளவுகளில் கணக்கு எழுதியிருக்கிறார்கள். ஆடல் பெண்கள் 400 பேரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவில் எந்தச் சிறகில், அதாவது எந்தப் பக்க வரிசையில், எத்தனையாவது வீடு, எல்லாம் இருக்கிறது. அன்று அங்கே நின்ற பதினோரு பேருக்கும் அது விளங்கியது. வராதவர்களுக்கு நான் எப்படிக் காட்டுவேன்?

மாசியில் தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் பயணத்துக்கு 18 பேர் பெயர் கொடுத்தார்கள். அதை நம்பி வேனுக்கு முன்பணம் கட்டினேன். காலையில் வந்தவர்கள் ஏழு பேர். நான்கு பேர் போனையே எடுக்கவில்லை. அறுவடை வேலை இருந்தவர்களைக் குறை சொல்லமாட்டேன். முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிறிய வண்டி பேசியிருப்பேன். அந்த ஏழு பேரும் தாராசுரத்தில் நாயன்மார் சிற்பங்களைக் குனிந்து குனிந்து நிதானமாகப் பார்த்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வந்த சந்தா வேனுக்கும் வாசிப்புக்கான நகல்கள் எடுக்கவும் சரியாகப் போயிற்று, வங்கியில் சிறு இருப்பு உண்டு. 68 உறுப்பினர்களில் 29 பேர் ஆண்டுச் சந்தா 300 ரூபாய் இன்னும் கட்டவில்லை. பெயர் படிக்கப் போவதில்லை, பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், ஞாயிறுதோறும் டீ வாங்கி வந்த இளைஞர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் வேறொருவர் வந்தால் சாவி, பதிவேடு எல்லாவற்றையும் மகிழ்ச்சியாக ஒப்படைப்பேன். நானே தொடர வேண்டும் என்று கூட்டம் நினைத்தால், குறைந்தது பதினைந்து பேராவது வாசிப்புக்கு வருவோம் என்று இன்றே பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். எப்படியானாலும் வரும் மூன்றாம் ஞாயிறு ஆறரைக்குக் கேரளாந்தகன் வாசலில் நிற்பேன். சந்தாவை அங்கேயும் கொடுக்கலாம், ரசீதுப் புத்தகம் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்