செயலாளர் ஆண்டறிக்கை: முன்னாள் பொறுப்பாளர்களுக்கு ஒரு பெயர்ப்பலகை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பனித்தரையில் கனமான கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் நம் கர்லிங் ஆட்டத்தின் பருவம் நல்லபடியாக முடிந்தது. வரவு செலவுக் கணக்கை அடுத்துப் பொருளாளர் வாசிப்பார். ஆட்ட முடிவுகள் எல்லாருக்கும் அனுப்பப்பட்டுவிட்டன. அதனால் இந்த அறிக்கையின் பெரும்பகுதியைச் செயற்குழு எடுத்த ஒரு முடிவுக்கு ஒதுக்குகிறேன்.

நம் சங்க அறைச் சுவரில் கோப்பை வென்ற அணிகளின் பெயர்கள் பொன்னெழுத்தில் இருக்கின்றன. சங்கத்தை நடத்தியவர்களின் பெயர் ஒன்றுகூட அங்கே இல்லை. புதிதாகச் சேர்ந்த இளம் உறுப்பினர் ஒருவர் இதைக் கேட்டபோது என்னிடம் சரியான பதில் இல்லை. பழைய தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், சாப்ளின்கள் (சங்கத்தின் மதகுருக்கள்) ஆகியோருக்கும் ஒரு பலகை வைக்கலாம் என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்தது. அதன் தலைப்பில் ஜான் கெர்னியின் பெயர் வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவர் நம் சங்கத்தைச் சேர்ந்தவர் அல்லர்; பக்கத்து ஊரான லார்க்ஸைச் சேர்ந்தவர். ஆனாலும் ஸ்காட்லாந்தின் எயர்ஷயர் கடற்கரையில் இந்த ஆட்டத்தை ஆடும் எவரும் அவருக்குக் கடன்பட்டவர்களே.

கெர்னி ஒரு மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் கப்பலில் போய்வந்தவர். பிறகு லார்க்ஸில் வீடு கட்டி, அதற்குக் ‘கர்லிங் ஹால்’ என்றே பெயர் வைத்தார். வெடிமருந்து விபத்து ஒன்றில் ஒரு கையை இழந்தவர். ஆனாலும் ஆட்டத்தை விடவில்லை.

நம் கடற்கரையின் சிக்கல் உங்களுக்குத் தெரியும். கடல் பக்கத்தில் இருப்பதால் குளிர் மிதமானது. ஆழமான ஏரி ஆட்டத்தைத் தாங்கும் அளவுக்கு உறைய, கடும் உறைபனி பல இரவுகள் தொடர வேண்டும். எத்தனையோ குளிர்காலங்களில் அது அமைவதே இல்லை. கெர்னி இதை வேறு விதமாக யோசித்தார். ஏரி எதற்கு? கெட்டியான தரை அமைத்து, அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் மட்டும் விட்டால் ஓரிரவுப் பனியிலேயே உறைந்துவிடும். 1828-ல் அப்படியொரு செயற்கைக் களத்தைத் தன் வீட்டருகே அமைத்தார். செய்முறையைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் 1833-ல் நூலாகவே அச்சிட்டார். ஒரு நிர்வாகிக்கு இதைவிடப் பெரிய குணம் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். கல்லை விடும்போது ஆட்டக்காரர் ஏறி நிற்கும் இரும்புத் தகடும் அவர் கொண்டுவந்ததுதான். அதற்கு முன்பு காலணியில் முள் வைத்த இரும்பைக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். பனித்தரை முழுக்கக் கீறல் விழும்.

1838-ல் செய்தித்தாளில் பெயர் குறிப்பிடாமல் ஓர் அறிவிப்பு வந்தது. கர்லிங் சங்கங்களின் பிரதிநிதிகள் எடின்பரோவின் வாட்டர்லூ ஹோட்டலில் கூட வேண்டும் என்றது. முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் மிகச் சிலர். வந்தவர்கள் சோர்ந்துவிடாமல் இன்னொரு நாள் குறித்துக் கலைந்தார்கள். ஜூலை 25 அன்று பல சங்கங்களின் ஆட்கள் திரண்டார்கள். கிராண்ட் கலிடோனியன் கர்லிங் கிளப் பிறந்தது. கெர்னி முதல் தலைவரானார். 1843-ல் விக்டோரியா அரசியாரின் ஆதரவோடு அது ராயல் கலிடோனியன் ஆனது. 1842-ல் கெர்னி காலமானபோது எழுதப்பட்ட இரங்கற்பாவில் லார்க்ஸின் ஏழைகள் அழுவதாக ஒரு வரி உண்டு. ஊருக்கு அவர் யார் என்பதை அந்த வரியே சொல்லிவிடுகிறது.

ராயல் கலிடோனியன் என்ற அந்தத் தாய்ச்சங்கம் 1839-ல் ஆண்டுமலர் வெளியிடத் தொடங்கியது. உறுப்புச் சங்கங்களின் பொறுப்பாளர் பெயர்கள் அதில் உண்டு. நம் பலகைக்கான பெயர்களை முதலில் அங்கிருந்துதான் திரட்டப் போகிறோம். அந்தந்த ஆண்டின் செயலாளர் பட்டியல் எழுதி அனுப்பாமல் இருந்திருந்தால் இன்று நமக்குக் கையில் எதுவுமே இல்லை.

எழுதி வைத்தவர்கள் என்றால் டடிங்ஸ்டன் சங்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. எடின்பரோவை ஒட்டிய அந்தச் சிற்றூரின் ஏரிக்கரைச் சங்கம் 1804-ல் ஆட்ட விதிகளை எழுத்தில் வடித்தது. பின்னாளில் தாய்ச்சங்கத்தின் விதிகளுக்கு அதுவே அடிப்படை. அதன் உறுப்பினரான ஜான் ராம்சே பாதிரியார் 1811-ல் கர்லிங் பற்றி நூல் எழுதினார். கற்களை வைக்க அவர்கள் 1825-ல் கட்டிய எண்கோணக் கோபுரம் இன்றும் நிற்கிறது. வரைந்தவர் கட்டடக் கலைஞர் வில்லியம் பிளேஃபேர். மேல் அறையில் அவ்வூர்ப் பாதிரியாரான ஜான் தாம்சன் ஓவியம் தீட்டினார். எடின்பரோ போகிறவர்கள் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

இன்னொரு பாதிரியாரும் உண்டு: டர்ல்டனைச் சேர்ந்த ஜான் கெர், தாய்ச்சங்கத்தின் சாப்ளின். 1890-ல் இந்த ஆட்டத்தின் வரலாற்றை விரிவாக எழுதினார். 1902-03 குளிர்காலத்தில் ஸ்காட்லாந்து அணியைக் கடல் கடந்து கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் தலைமையேற்று அழைத்துச் சென்றார். சாப்ளின் பதவியை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பழைய பட்டியல்கள் முழுக்க ஆண்கள்தாம். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் ஹெர்குலிஸ் பெண்கள் சங்கம் 1895-லேயே தோன்றிவிட்டது. மற்ற இடங்களில் பெண்கள் பொறுப்புக்கு வர வெகுகாலம் ஆனது. 2002-ல் ஒலிம்பிக் தங்கம் வென்ற ரோனா மார்ட்டினின் பெண்கள் அணி நம் பகுதியை அடுத்த கிரீனேக்கர்ஸ் சங்கத்திலிருந்து போனது. ஆனால் வருகைப் பதிவு எழுதியவர்களும் தேநீர் ஏற்பாடு செய்தவர்களும் பட்டியலில் ஏறவே இல்லை. நம் பலகையில் அவர்களுக்கும் இடம் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கிராண்ட் மேட்ச் பற்றி வழக்கம்போலக் கேள்விகள் வந்தன. திறந்த ஏரியில் ஸ்காட்லாந்தின் வடக்கும் தெற்கும் மோதும் அந்தப் பெரும்போட்டி கடைசியாக நடந்தது 1979 பிப்ரவரியில், மென்டீத் ஏரியில். 2010-ல் ஏரி உறைந்தும் பாதுகாப்புக் கருதிக் கைவிடப்பட்டது. மீண்டும் அழைப்பு வந்தால் நம் அணி தயாராக இருக்கும்.

இனி செய்ய வேண்டியவை. வீட்டுப் பரணில் பழைய நடவடிக்கைக் குறிப்பேடு, பதக்கம், அணிப் புகைப்படம், விருந்து அழைப்பிதழ் எது இருந்தாலும் என்னிடம் காட்டுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவேன். பெயர்களைச் சரிபார்க்க மூத்த உறுப்பினர் இருவர் முன்வந்துள்ளனர், அவர்களுக்கு நன்றி. ஓர் ஆண்டுக்கு ஒரே ஆதாரம்தான் கிடைத்தால் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு, உறுதியான பிறகு எழுதுவோம்.

பலகைக்கான செலவைச் சங்க நிதியிலிருந்து எடுக்கப் பொதுக்குழுவின் ஒப்புதல் தேவை. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளவும், அத்தீர்மானத்தை முன்மொழிந்து வழிமொழியவும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்