வெயிலில் நின்ற தோம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு பதிப்பில் நைட்ரஸ் (எரிபொருள் எரியக் கூடுதல் ஆக்சிஜன் தந்து இயந்திரத்தின் திறனைக் கூட்டும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு) பொருத்திய கார்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடுதான் படித்தேன். அந்த வாயுவை அடைத்துவைக்கும் தோம்பைச் சூடாக்கும் மின்உறையையும் மறக்காமல் வாங்கச் சொல்லியிருந்த இடத்தில் எரிச்சல் வந்துவிட்டது. அந்த உறை குளிர்நாட்டுக்காரர்களுக்கு. கோலாலம்பூரில் நிழலில் நிற்கும் காரிலேயே உறை இல்லாமலே தோம்பின் அழுத்தம் 900 பிஎஸ்ஐயை (சதுர அங்குலத்துக்கு 900 பவுண்டை) தொட்டுவிடும்.

போன மாதம் செந்தூலில் என் பட்டறைக்கு நைட்ரஸ் பொருத்திய ஒரு புரோட்டோன் வீரா கார் வந்தது. இயந்திரத்தின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. தீப்பொறி பிளக்கின் முனையையே காணோம், உருகிப் போயிருந்தது. "அண்ணே, போன வாரம் இதே ஜெட்டில் நன்றாகத்தானே ஓடியது?" என்றான் காருக்குச் சொந்தக்காரப் பையன். (ஜெட் என்பது நைட்ரஸ் எவ்வளவு பாயலாம் என்று அளந்துவிடும் சிறு துளை.) ஓடியிருக்கும். அன்று இரவு நேரம். இந்த முறை பகல் முழுக்க வெயிலில் நிறுத்திவிட்டு நேரே எடுத்திருக்கிறான். (எங்கே ஓட்டினான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போலீசுக்கும் சொல்ல வேண்டியிருக்கும்.)

நைட்ரஸ் 36.4 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திரவமாகவே நிற்காது. பூட்டிய காரின் பின்பெட்டி அந்தச் சூட்டை எளிதில் எட்டும். தோம்பின் அழுத்தம் ஏற ஏற, அதே ஜெட் வழியாக நைட்ரஸ் கூடுதலாகப் பாயும். பெட்ரோலோ பம்பு கொடுக்கும் அளவுதான். ஆக்சிஜன் மிகுந்து எரிபொருள் குறைந்தால் சூடு எகிறி பிஸ்டனின் அலுமினியத்தை உருக்கிவிடும்.

நான் எந்த இயந்திரத்தையும் 35 அல்லது 50 குதிரைத்திறன் ஜெட்டில்தான் தொடங்குவேன், அதுவும் பெட்ரோல் சற்றுத் தூக்கலாக. ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் டைமிங்கை (பிளக் தீப்பொறி விடும் நேரத்தை) 2 டிகிரி பின்தள்ளுவேன். சூட்டை வேகமாக வெளியேற்றும், ஒருபடி ‘குளிர்ந்த’ வகைப் பிளக்கைப் போட்டு, ஓட்டி, கழற்றி, அதன் பீங்கானில் சூட்டின் தடயத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்த ஜெட். இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குக் கீழே ஓடும்போதோ, ஆக்சிலேட்டர் முழுக்க அழுந்தாதபோதோ நைட்ரஸ் திறக்கவே கூடாது. அதற்கென்று சுவிட்சுகள் இருக்கின்றன.

அந்தப் பையன் இன்னொன்றும் செய்திருந்தான். அழுத்தம் மிஞ்சி தோம்பின் பாதுகாப்புத் தகடு வெடித்தால் வாயு வெளியே போவதற்கான குழாயை, அழகைக் கெடுக்கிறது என்று வெட்டி எறிந்திருந்தான். தகடு வெடித்திருந்தால் அத்தனை நைட்ரஸும் அவன் உட்கார்ந்திருக்கும் காருக்குள்தான் நிறைந்திருக்கும்.

பத்து தீகா பந்தயத் திடல் இருந்த காலத்தில் ஈரச் சாக்கைத் தோம்பில் சுற்றிவிட்டு, அழுத்தமானியின் முள் 950 பிஎஸ்ஐக்கு இறங்கும்வரை தேநீர் குடித்துக்கொண்டிருப்போம். மின்உறையைப் பற்றி அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

பட்டறைக்காரன்,
செந்தூல், கோலாலம்பூர்