ஒரே சொல்லை எத்தனை முறை சேர்ப்பது?

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. வேலூர் வெயிலை நீ விசாரிக்கவே வேண்டாம், அப்படியேதான் இருக்கிறது.

பேரணாம்பட்டு என்ற ஊர்ப்பெயரை லிப்ரே ஆபிஸின் அகராதியில் சேர்த்தும் ஃபயர்ஃபாக்ஸ் அதைப் பிழையென்று சிவப்புக் கோடு போடுகிறது என்கிறாய். போடத்தான் செய்யும். இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஹன்ஸ்பெல் என்ற ஒரே எழுத்துப்பிழை திருத்திதான். ஆனால் நாம் சேர்க்கிற சொல்லை ஆளுக்கொரு கோப்பில் பூட்டி வைத்துக்கொள்கின்றன.

முதலில் பெரிய அகராதியை ஓரிடத்தில் வை. உபுண்டு லினக்ஸில் யூஎஸ்ஆர் என்ற அடைவு, அதற்குள் ஷேர், அதற்குள் ஹன்ஸ்பெல். சொற்பட்டியலான டிக், ஒட்டு விதிகளுக்கான அஃப் இரண்டு கோப்புக்கும் பெயர் ஒன்றாக இருக்கவேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் கண்டுகொள்ளாவிட்டால் அதன் அபவுட் கான்ஃபிக் என்ற அமைப்புப் பக்கத்தில் அகராதிப் பாதையைக் கொடு. லிப்ரே ஆபிஸில் நீட்சியாக நிறுவிய பழைய தமிழ் அகராதியை எடுத்துவிடு. இரண்டு பதிப்பு இருந்தால் எது ஓடுகிறதென்றே பிடிபடாது. குரோம் மட்டும் தனி ரகம், அகராதியைத் தன் இரும வடிவுக்கு மாற்றித்தான் படிக்கும்.

ஊர்ப்பெயர்களை அந்தப் பொது டிக் கோப்பிலேயே எழுதிவிடு. முதல் வரியில் சொற்களின் எண்ணிக்கை இருக்கும். உத்தேசமாக இருந்தாலும் போதும், வரியே இல்லாவிட்டால் கோப்பு ஏறாது.

தமிழுக்கு உண்மையான வேலை அஃப் கோப்பில்தான். மரம், மரத்தை, மரத்தில் என்று தனித்தனியாக அடுக்கினால் எத்தனை லட்சம் சொல் சேர்த்தாலும் தீராது. "ம்"மை வெட்டி "த்தை" ஒட்டு என்று விதி 1 எழுதி, டிக்கில் மரம், சாய்கோடு, 1 என்று போடு. குளமும் படமும் அதே விதியில் அடங்கும். "நாம்" என்பதற்கு மட்டும் அந்த எண்ணைத் தந்துவிடாதே, "நாத்தை" சரி என்று சொல்லிவிடும்! ஹன்ஸ்பெல் பின்னொட்டை இரண்டு அடுக்கு வரைதான் கழற்றும். "மரத்திலிருந்தும்தான்" போன்றவற்றுக்கு இரண்டு மூன்று ஒட்டுகளைச் சேர்த்து ஒரே விதியாக எழுதவேண்டும்.

இன்னொரு கண்ணி: "கொ"வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரும், இரண்டாகப் பிரிந்தும் வரும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, அகராதிக்கோ வேறு சொல். அஃப்பில், வரும் எழுத்தை மாற்றிப் படிக்கச் சொல்லும் ஐகான்வ் வரி போட்டால் பிரிந்தது ஒன்றாகிவிடும்.

குடியாத்தம் பக்கத்து ஊர்ப்பெயர்களை அனுப்பு. வரிக்கு ஒன்று, யூடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில்.

அன்புடன்,
உன் நண்பன்