அறையைக் கேட்காமல் ஸ்பீக்கரைச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹோம் தியேட்டருக்கு அலமாரியில் வைக்கும் அளவுள்ள சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் நல்லதா, தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர் நல்லதா என்று உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாக, புரியும்படி எழுதியிருந்தார்கள். ஆனால் முடிவில் இருந்த மதிப்பெண் பட்டியலில் டவருக்கு எட்டு, புக்‌ஷெல்ஃபுக்கு ஆறு என்று பார்த்ததும் மனம் கேட்கவில்லை. இதே மாதிரி ஒரு கணக்கை நம்பித்தான் போன வருடம் நானும் டவர் வாங்கினேன். அதன் பிறகு எட்டு மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வாங்கியது என் அப்பாவுக்காக. முப்பத்தொரு வருடம் திரையரங்கில் ஆபரேட்டராகப் படம் ஓட்டியவர். இப்போது 82 வயது. வெளியே போய்ப் படம் பார்க்க முடிவதில்லை. வீட்டிலேயே நல்ல சத்தத்தோடு பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். எங்கள் அறை 13 அடி நீளம், பத்தரை அடி அகலம், பத்தடி உயரம். டிவிக்கும் அப்பாவின் நாற்காலிக்கும் நடுவே ஏழரை அடி. இந்த நான்கு எண்களை வாங்குவதற்கு முன் யாரும் என்னிடம் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

டவர் ஒவ்வொன்றும் இடுப்பளவு உயரம். ஒவ்வொன்றிலும் கீழ்ச்சத்தத்தை எழுப்பும் ஆறரை அங்குல வூஃபர் இரண்டு. 38 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 38 அதிர்வு) வரை பாஸ், அதாவது கனமான கீழ்ச்சத்தம், இறங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் பீரோ. அதனால் சுவரிலிருந்து ஒரு சாணுக்கு மேல் முன்னால் இழுக்க வழியில்லை. முதல் நாள் சண்டைக் காட்சியில் பீரோ கண்ணாடி கடகடவென்று ஆடியது. எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாவது வாரத்திலிருந்து அப்பா ஒவ்வொரு வசனத்துக்கும் என் பக்கம் திரும்பி, "என்னம்மா சொன்னான்?" என்று கேட்க ஆரம்பித்தார். சத்தத்தைக் கூட்டுவேன். உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு முன்னால் சாய்வார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, "சத்தம் வருது, பேச்சு வரலை. குடத்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு" என்றார்.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. அவர் சொன்னது எனக்கு இலக்கண வகுப்பின் வழியாகத்தான் புரிந்தது. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளுக்கு வலு பெரும்பாலும் கீழ்ச்சுருதியில் இருக்கிறது. க, ச, ட, த, ப போன்ற வல்லினங்களைப் பிரித்துக் காட்டும் அந்தச் சிறு வெடிப்பும் உரசலும் மேல்சுருதியில் இருக்கின்றன. வயதானால் முதலில் குறைவது மேல்சுருதி கேட்கும் திறன். போதாக்குறைக்கு, கனமான கீழ்ச்சத்தம் தனக்கு மேலே இருக்கும் மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும். ஆக, பாஸ் பெருக்கெடுத்த அறையில் அப்பாவுக்கு உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை. ஒலியளவைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும். அதனால் பலனில்லை.

சரி, பாஸ் ஏன் அப்படிப் பெருகியது? ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலை சரியாகப் பொருந்தும் சுருதி எதுவோ, அதை அறை தானாகவே தூக்கிவிடும். என் அறையின் நீளத்துக்கு அது 43 ஹெர்ட்ஸ். அகலத்துக்கு 54. உயரத்துக்கு 56. பின்னது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து விழுவதைப் பாருங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்ததும் பாஸை இன்னும் கூட்டியது. 38 வரை இறங்கும் ஸ்பீக்கர் இந்த மூன்று சுருதிகளையும் தாராளமாக ஊட்டிக்கொண்டிருந்தது. பெட்டியின் பின்பக்கத் துளையில் பழைய சாக்ஸைச் சுருட்டித் திணித்துப் பார்த்தேன். கொஞ்சம் அடங்கியது. ஆனால் பேச்சு தெளியவில்லை.

இங்கே கட்டுரையில் விடுபட்ட முக்கியமான இடத்துக்கு வருகிறேன். படத்தின் ஒலியில் ஆழமான அதிர்வுகளுக்கென்றே ஒரு தனித் தடம் உண்டு. ஒலித்தடங்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் 5.1 என்பதில் வரும் அந்தப் புள்ளி ஒன்று அதுதான். அதைச் சரியாக வாசிக்க, ஆழமான பாஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டியான சப்வூஃபர் வேண்டும். வெடிச்சத்தம், இடி இதெல்லாம் 20, 30 ஹெர்ட்ஸுக்கும் இறங்கும். 38இல் நின்றுவிடும் டவரால் அங்கே போக முடியாது. ஆகவே டவரோ புக்‌ஷெல்ஃபோ, ஹோம் தியேட்டர் என்றால் சப்வூஃபர் எப்படியும் வரப்போகிறது. அது வந்துவிட்டால், ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரில் மற்ற ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்கு அனுப்புவதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் வழி. அப்போது டவரின் பெரிய பெட்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த அடிமட்ட வேலை அதனிடம் இல்லாமல் போய்விடுகிறது.

அப்போ சப்வூஃபரும் அதே 43ஐயும் 54ஐயும் தூண்டாதா என்று கேட்பீர்கள். தூண்டும். ஆனால் அதை இடம் மாற்றலாம். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் நாலேகால் மீட்டர், அதாவது என் அறையைவிட நீளம். அவ்வளவு நீண்ட அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. அதனால் பெட்டி அறையில் எங்கே இருந்தாலும் படம் கெடாது. டவர் அப்படியல்ல. அது டிவிக்கு இரு பக்கமும், கேட்பவரைப் பார்த்தபடி நின்றாக வேண்டும். பேச்சுக்கும் இசைக்கும் ஏற்ற இடமும் பாஸுக்கு ஏற்ற இடமும் ஒரு சிறிய அறையில் ஒன்றாக அமைவது அபூர்வம். டவரில் இரண்டும் ஒரே பெட்டியில் கட்டுண்டு கிடக்கின்றன. புக்‌ஷெல்ஃபும் சப்வூஃபரும் என்றால் இரண்டையும் பிரித்துவிடலாம். எட்டு மாதம் கழித்து எனக்கு விளங்கியது இதுதான்.

அந்த இடத்தைக் கண்டுபிடித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்து அங்குல சப்வூஃபரை அப்பாவின் நாற்காலியிலேயே தூக்கி வைத்தேன். பாஸ் ஏறி இறங்கும் ஒரு இசையை விடாமல் ஓடவிட்டேன். அப்புறம் முழங்காலில் தவழ்ந்து சுவரோரமாக அறையைச் சுற்றி வந்தேன். பெட்டியும் காதும் இடம் மாறினாலும் அறை செய்யும் வேலை மாறாது என்பதால் இந்த உபாயம் பலிக்கிறது. வலது மூலையில் ஒரே ஒரு சுரம் மட்டும் முழங்கி மற்றதெல்லாம் அமுங்கியது. நீளச் சுவரின் நடுவில் இன்னொரு சுரம் அடியோடு காணாமல் போனது. ஜன்னலுக்குக் கீழே, சுவரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் கேட்டது. அங்கேயே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். சப்வூஃபர் இன்றும் அந்தக் கோட்டில்தான் நிற்கிறது.

டவர்களை என் தம்பிக்குக் கொடுத்துவிட்டு அவனிடம் இருந்த புக்‌ஷெல்ஃப் ஜோடியை வாங்கிக்கொண்டேன். அவன் வீட்டுக் கூடம் 24 அடிக்கு 17 அடி. ஒரு பக்கம் சுவரே இல்லாமல் சாப்பாட்டு அறையோடு திறந்து கிடக்கும். சோபா ஸ்பீக்கரிலிருந்து பதினைந்தடி தள்ளி இருக்கிறது. அங்கே டவர்களைச் சுவரிலிருந்து இரண்டடி இழுத்து வைத்தோம். முதல் பாட்டு முடிவதற்குள், "அக்கா, இதையா வேணாம்னு கொடுத்தே?" என்றான். எனக்கே நம்ப முடியவில்லை. என் அறையில் குடத்துக்குள் பேசிய அதே பெட்டி அங்கே மணியாக ஒலித்தது.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். என் புக்‌ஷெல்ஃபின் சென்சிட்டிவிட்டி 86 டெசிபல். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் அவ்வளவு சத்தம் என்று பொருள். ஏழரை அடியில் 75 டெசிபல் கேட்க அரை வாட்டுக்கும் குறைவே போதும். திடீர் வெடிச்சத்தங்களுக்கு அதற்கு மேல் 20 டெசிபல் ஒதுக்கினால் நூறு மடங்கு ஆகும். அப்போதும் 40 வாட்தான். தம்பி வீட்டில் தூரம் இரட்டிப்பு. அதற்கு நாலு மடங்கு, சுமார் 160 வாட் வேண்டும். இந்தச் சிறிய பெட்டியின் ஐந்து அங்குல வூஃபர் அங்கே திணறியதில் ஆச்சரியமில்லை. உரத்த காட்சிகளில் பாடகர் தொண்டை கட்டியதுபோல் ஒலிக்கும் என்று அவன் முன்பே சொல்லியிருக்கிறான். டவர் 90 டெசிபல். அதே சத்தத்துக்கு 64 வாட் போதும், அதையும் இரண்டு வூஃபர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அறைக்குள் சுவர்களும் கொஞ்சம் கைகொடுப்பதால் உண்மையில் தேவை இதைவிடக் குறையும். ஆனால் விகிதம் இதுதான். சிறிய பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த வாட்டில் நிறைந்த சத்தம் இம்மூன்றில் இரண்டைத்தான் ஒரு ஸ்பீக்கரால் தர முடியும் என்பது ஆன்டன் ஹாஃப்மன் பெயரால் வழங்கும் விதி. பெரிய கூடத்தில் டவர் ஜெயிப்பதற்குக் காரணம் இதுவே. அதை நான் மறுக்கவே இல்லை.

புக்‌ஷெல்ஃப் இடத்தை மிச்சப்படுத்தும் என்று கட்டுரை சொல்வது மட்டும் சரியில்லை. பெயரை நம்பி அலமாரிக்குள் நெருக்கி வைத்தால், பின்பக்கத் துளை உள்ள பெட்டி அலமாரியையே பேச வைத்துவிடும். மேல்சுருதியை எழுப்பும் சிறிய ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்துக்கு வர வேண்டும். அதற்கு இரண்டடி ஸ்டாண்ட் தேவை. ஸ்டாண்டோடு பார்த்தால் தரையில் டவர் பிடிக்கும் அதே இடம்தான்.

புக்‌ஷெல்ஃபில் எனக்குக் கிடைத்த உண்மையான லாபம் நடு ஸ்பீக்கரில். படத்தின் வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. முதலில் டவரோடு வந்த கிடைமட்ட ஸ்பீக்கர்தான் இருந்தது. நடுவில் ட்வீட்டர், இரு பக்கமும் வூஃபர். நேரே எதிரில் உட்கார்ந்தால் குறையில்லை. ஆனால் அப்பா எழுந்து நடக்கத் தோதாக வலது ஓரத்து நாற்காலியில்தான் உட்காருவார். ஓரத்துக்கு வரும்போது அந்த இரண்டு வூஃபர்களின் தூரம் வேறுபட்டு, பேச்சுக்கு உரிய சில சுருதிகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அதனால் அதே புக்‌ஷெல்ஃபில் இன்னொரு ஜோடி வாங்கி, ஒன்றை டிவிக்கு நேர் கீழே நிமிர்த்தி வைத்தேன். டிவியை நாலு விரற்கடை மேலே ஏற்ற வேண்டியிருந்தது. பெட்டியின் முன்பக்கத்தில் கதவுக்கு வைக்கும் ரப்பர் ஆப்பைச் செருகி, அப்பாவின் முகத்தைப் பார்க்கும்படி சாய்த்தேன். இப்போது முன்னால் உள்ள மூன்றும் ஒரே குரல். டவரில் இதைச் செய்யவே முடியாது, மூன்றாவதை டிவியை மறைத்தல்லவா நிறுத்த வேண்டும்! மீதமான நாலாவது பெட்டி அடுத்த அறையில் ரேடியோவுக்கு உதவுகிறது.

சிறுவயதில் ஒருநாள் அப்பா என்னைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். திரை முழுக்கப் பொடித்துளைகள். வெளிச்சம் அவற்றின் வழியே மாவு சலித்ததுபோல் விழுந்துகொண்டிருந்தது. நட்டநடுவில் பீரோ உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர். "வசனம் நடிகன் வாயிலேர்ந்து வரணும்மா, அதுக்குத்தான் துளை" என்றார். புது ஏற்பாட்டில் முதல் படம் பார்த்த அன்றும் அதையே சொன்னார். அன்று அவர் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. முன்பு கைப்பேசிச் செயலியில் 80 டெசிபலைத் தாண்டும் அளவுக்கு வைத்தும் புரியாதவர், இப்போது 70க்கும் 75க்கும் நடுவில் கேட்கிறார்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பட்டியலில் ஒலியின் ஆழம், தோற்றம், விலை என்று ஏழு வரிகள் இருந்தன. அறையின் நீளம் அகலம், உட்காரும் தூரம், சுவரிலிருந்து எவ்வளவு இழுத்து வைக்க முடியும், யார் கேட்கப் போகிறார்கள் என்ற நான்கும் இல்லை. அடுத்த முறை இந்த நான்கையும் முதலில் போடச் சொல்லுங்கள். மொத்த மதிப்பெண் வேண்டாம். முடிந்தால் நடு ஸ்பீக்கரைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களுக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை