டார்க் சைடு ஆஃப் தி மூன்: 50ஆம் ஆண்டு இசைத்தட்டு வாங்கும் முன்

நண்பர்களே, பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் இந்த 1973 ஆல்பத்துக்கு வந்த 50ஆம் ஆண்டுப் பதிப்புகளில் எதை வாங்குவது என்று பலர் தனித்தனியாகக் கேட்கிறீர்கள். எல்லோருக்குமாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

கேட்பதற்கு என்றால் 2023இல் வந்த கருப்புத் தட்டே போதும். ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரியின் ரீமாஸ்டர் அது, அதாவது பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சீரமைத்தது. 2024இல் வந்த ஒளி ஊடுருவும் பதிப்பு பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் அதில் இரண்டு தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம்தான் பாடும். மறுபக்கம் முழுக்க ஓவிய அச்சு, ஊசி ஓடும் பள்ளமே கிடையாது. தப்பித்தவறி அங்கே ஊசியை இறக்கிவிடாதீர்கள், ஊசி போய்விடும்.

தட்டு வந்ததும் முதல் பக்கத்தின் தொடக்கத்தைக் கவனமாகக் கேளுங்கள். அந்த இதயத் துடிப்பு மெல்ல மெல்ல எழும் இடத்தில் படபடவென்று சத்தம் வந்தால் அழுக்கோ நிலைமின்னோ இருக்கலாம். சுத்தம் செய்து மறுபடி போடுங்கள். அப்புறமும் அதே இடத்தில் வந்தால் அச்சுக் குறைதான், தயங்காமல் வேறு தட்டு மாற்றித் தரச் சொல்லுங்கள். முதல் பக்கக் கடைசியில் பாடகி கிளேர் டோரியின் குரல் உச்சிக்குப் போகும்போது கரகரத்தால், தட்டைக் குறை சொல்லும் முன் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) சரியாகப் பொருத்தியிருக்கிறதா என்று பாருங்கள். தட்டின் நடுவை நெருங்கும் உள்வட்டப் பள்ளங்களில் இந்தத் தொல்லை சகஜம்.

1973இன் பிரிட்டிஷ் முதல் அச்சு, அதாவது தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் நீலம் நிரம்பிய முக்கோணம் உள்ளது, யாரிடமாவது இருந்தால் லேபிள் படத்தையும் லேபிளைச் சுற்றிய வெற்று வட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் இங்கே போடுங்கள். புதியதையும் அதையும் ஒப்பிட்டுக் கேட்க ரொம்ப ஆசை.